குறைந்த செலவில் ஒரு தேசத்தை நடுங்க வைப்பது எப்படி?

பேய்ப்படம் எடுப்பது என்று முடிவு செய்துவிட்டீர்கள். நல்லது. கையில் கதை இருக்கிறது, கதையில் ஒரு பாழடைந்த மாளிகை இருக்கிறது, மாளிகையில் ஒரு பூட்டிய அறை இருக்கிறது, அறைக்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள் சொல்ல வாயெடுக்கும்போதே தயாரிப்பாளர் கொட்டாவி விட்டிருப்பார். கவலை வேண்டாம். 1960-லிருந்து அமெரிக்காக்காரர்கள் இந்தத் தொழிலைக் கையிருப்புக்கு ஏற்றபடி நடத்தி, போட்ட முதலைப் பல மடங்காக எடுத்திருக்கிறார்கள். போகிற போக்கில் போலீஸ், பாதிரியார், பேராசிரியர் என்று பலரையும் சம்பளமில்லாத விளம்பர ஊழியர்களாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் செய்ததை அப்படியே தொகுத்துத் தருகிறேன். எல்லாம் செய்து பார்த்து வெற்றி கண்ட முறைகள். எதையும் உங்களால் திரும்பச் செய்ய முடியாது என்பது ஒன்றுதான் இதிலுள்ள சின்னக் குறை.

அரண்மனையை விற்றுவிடுங்கள்

1931-இல் யுனிவர்சல் நிறுவனம் 'டிராகுலா', 'ஃபிராங்கன்ஸ்டைன்' இரண்டையும் இறக்கியதிலிருந்து ஏறக்குறைய முப்பது வருடம், பயம் என்பது அமெரிக்கர்களுக்கு வெளியூர்ச் சமாச்சாரம். எங்கோ ஐரோப்பாவில் ஒரு மலை, மலைமேல் கோட்டை, கோட்டைக்குள் ஒரு பிரபு. நடுவில் செவ்வாய்க்கிரகத்திலிருந்தும் சிலர் வந்து போனார்கள்; அவர்களும் வெளியூர்தான். படம் முடிந்து வீட்டுக்கு வந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டால் பயம் வாசலோடு நின்றுவிடும்.

1960-இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் அந்தத் தாழ்ப்பாளுக்கு உள்பக்கம் வந்துவிட்டார். 'சைக்கோ'வில் கொலை நடக்கும் இடம் நெடுஞ்சாலை ஓரத்து லாட்ஜ் ஒன்றின் குளியலறை. பாராமவுண்ட் கம்பெனிக்குக் கதை பிடிக்கவில்லை. ஹிட்ச்காக் சம்பளத்துக்குப் பதிலாகப் படத்தில் பங்கு வாங்கிக்கொண்டு, தன் டி.வி. தொடரில் வேலை பார்த்த ஆட்களையே வைத்து, கறுப்பு வெள்ளையில், சுமார் 8 லட்சம் டாலரில் முடித்தார். குளியலறைக் கொலைக்கு மட்டும் ஏழு நாள் ஷூட்டிங். கத்தி இறங்கும் ஓசைக்குக் கிர்ணிப்பழத்தைக் குத்தி ஒலிப்பதிவு செய்தார்கள். இந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்பது ஹிட்ச்காக்கின் உத்தரவு. இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து ஒரு கீச்சலைப் போட்டுக் காட்டினார். இன்றைக்குப் படத்தைப் பார்க்காதவர்கள்கூட அதை வாயால் செய்துகொண்டு கையை ஓங்குகிறார்கள்.

ஆகவே அரண்மனைக்கு வாடகை கொடுக்காதீர்கள். பார்வையாளர் தினமும் தனியாகப் போய்வரும் அறை எது என்று பாருங்கள். அந்தக் காட்சியில் நடித்த ஜேனட் லீ, அதற்குப் பிறகு ஷவரில் குளிப்பதையே விட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். நடித்தவருக்கே அந்தக் கதி.

அடுத்தது, கதாநாயகியைப் படத்தின் பாதிக்கு முன்பே கொன்றுவிடுவது. போஸ்டரில் பெரிய எழுத்தில் பெயர் போட்ட நட்சத்திரமே போய்விட்டால், டிக்கெட் எடுத்து வந்த நாம் எம்மாத்திரம் என்று தியேட்டரில் ஒவ்வொருவருக்கும் தோன்றிவிடும். இதற்காகவே ஹிட்ச்காக் இன்னொரு காரியம் செய்தார். படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்களுக்குக் கட்டளை. அமெரிக்காவில் அப்போதெல்லாம் காட்சிகள் தொடர்ந்து ஓடும். ஜனங்கள் நினைத்த நேரத்தில் நுழைந்து, நுழைந்த இடம் மறுபடி வரும்போது எழுந்து போவார்கள். எழுத்து போடுவதற்குள் உட்கார்ந்துவிட வேண்டும் என்று குடும்பத்தையே விரட்டும் நம்மூர் அப்பாக்களுக்கு இது ஒரு கட்டளையாகவே தோன்றியிருக்காது. அங்கே அதுவே செய்தியாகி, வாசலில் வரிசை நீண்டது.

கதைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பக்கத்து ஊருக்குப் போங்கள். 1957-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிளெயின்ஃபீல்ட் என்ற சிற்றூரில் எட் கீன் என்பவரைப் போலீஸ் பிடித்தது. வீட்டுக்குள் அகப்பட்டவற்றைச் சாப்பிடும் நேரத்தில் படிப்பவர்களும் இருக்கலாம் என்பதால் விவரிக்கவில்லை. அந்த ஊரிலிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டரில் குடியிருந்த ராபர்ட் பிளாக் என்ற எழுத்தாளர், ஊரார் அத்தனை பேருக்கும் தெரிந்த அமைதியான மனிதர் எப்படி இப்படி இருக்க முடியும் என்று யோசித்து நாவல் எழுதினார், அதுதான் 'சைக்கோ'. அதே கீனிடமிருந்து பிறகு 'டெக்ஸாஸ் செயின்சா மாசக்கர்' கொஞ்சம் எடுத்துக்கொண்டது, 'சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' கொஞ்சம் எடுத்துக்கொண்டது. ஒரு மனிதர், மூன்று பெரிய படங்கள். எந்தப் பிரபுவும் இவ்வளவு உழைத்ததில்லை.

ரத்தம்

சாக்லேட் சிரப். 'சைக்கோ'வில் அதுதான், எட்டு வருடம் கழித்து வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'டிலும் அதுதான். கறுப்பு வெள்ளையில் வித்தியாசம் தெரியாது. கலரில் எடுப்பதாக இருந்தால் மட்டும் செலவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பத்து நண்பர்கள், ஆளுக்கு 600 டாலர்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நவீன திகில் சினிமாவின் முழு ரகசியமும் இதில்தான் இருக்கிறது, இதைத்தான் சுத்தமாகப் பின்பற்ற முடியாது.

ஜார்ஜ் ரொமேரோ என்ற இளைஞர் பிட்ஸ்பர்க் நகரத்தில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். மிஸ்டர் ராஜர்ஸ் நடத்திய புகழ்பெற்ற குழந்தைகள் டி.வி. நிகழ்ச்சிக்காக டான்சில் ஆபரேஷன் பற்றி ஒரு சிறு படமும் எடுத்துக்கொடுத்தார். (தான் எடுத்ததிலேயே பயங்கரமான படம் அதுதான் என்று பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வார்.) ஹாலிவுட்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நண்பர்கள் பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டுக் கம்பெனி தொடங்கினார்கள். போகப்போகத் தெரிந்தவர்களிடமெல்லாம் புரட்டி மொத்தச் செலவு 1,14,000 டாலர் அளவில் முடிந்தது. பணம் போட்டவர்களே நடித்தார்கள், ஒப்பனை செய்தார்கள், பிணமாக நடந்தார்கள். ஒருவர் இறைச்சிக் கடைக்காரர். பிணங்கள் தின்னும் குடல் அவர் கைங்கரியம். படம் முழுக்க நடக்கும் பண்ணைவீடு இடிக்கக் குறித்திருந்த வீடு, அதனால் கதவு ஜன்னலைப் பெயர்த்து ஆணி அடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடிருப்பவர்களைத் தின்கிறார்கள். ஒரு வீட்டுக்குள் ஏழு பேர் கதவை அடைத்துக்கொண்டு தங்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள். நாயகன் வேடத்துக்கு வந்தவர்களில் நன்றாக நடித்தவர் டுவைன் ஜோன்ஸ் என்ற கறுப்பினத்தவர். அவரைப் போட்டதற்கு அது ஒன்றே காரணம் என்று ரொமேரோ கடைசிவரை சொல்லிவந்தார். எழுத்தில் அந்தப் பாத்திரம் கொச்சையாகப் பேசும் லாரி டிரைவர். படித்தவரான ஜோன்ஸ் வசனத்தைத் தனக்கேற்ப மாற்றிக்கொண்டார். கடைசிக் காட்சியில், இரவெல்லாம் பிணங்களோடு போராடித் தப்பிய ஒரே ஆள், காலையில் ஜன்னல் பக்கம் வருகிறார். துப்பாக்கியோடு வரும் வெள்ளைக்கார ஊர்க்கும்பல் அவரையும் பிணம் என்று எண்ணி நெற்றியில் சுடுகிறது. பிறகு உடலைக் கொக்கியால் இழுத்துப்போட்டு எரிப்பதை, பத்திரிகைப் புகைப்படம் மாதிரி புள்ளிபுள்ளியாக, அசையாப் படங்களாகக் காட்டி முடித்துவிட்டார்கள்.

முதல் பிரதியைக் காரில் வைத்துக்கொண்டு விநியோகஸ்தர்களிடம் காட்ட நியூயார்க் போய்க்கொண்டிருந்தபோது, மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட செய்தி வானொலியில் வந்தது. 1968 ஏப்ரல் 4.

அந்த நொடியிலிருந்து படத்துக்கு அர்த்தம் வேறாகிவிட்டது. ரொமேரோ ஒரு ஃபிரேமைக்கூட மாற்றவில்லை. அக்டோபரில் படம் வந்தபோது ஜனங்கள் பார்த்தது தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்டுப் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படங்களை. வியட்நாமிலிருந்து மாலைச் செய்தியில் தினமும் வந்துகொண்டிருந்த காட்சிகளை. அமெரிக்காவில் வயதுக்கேற்ற தரச்சான்று முறை அமலுக்கு வந்தது அந்த நவம்பரில்தான் என்பதால், சனிக்கிழமைப் பகல் காட்சிக்கு வழக்கம்போல் குழந்தைகள் பாப்கார்னோடு வந்து உட்கார்ந்தார்கள். அப்படி ஒரு காட்சியில் இருந்த சிகாகோ விமர்சகர் ரோஜர் ஈபர்ட், படத்தைவிட அழுத பிள்ளைகளைப் பற்றித்தான் அதிகம் எழுதினார்.

எனவே நீங்கள் செய்ய வேண்டியது: நாடு முழுக்கப் போரும் கொலையும் கலவரமும் நடக்கும் வருடமாகப் பார்த்து ரிலீஸ் தேதி குறிக்க வேண்டும். எந்தப் பஞ்சாங்கத்திலும் இந்த முகூர்த்தம் இருக்காது.

கருத்து சொல்லாதீர்கள்

நீங்கள் சொல்லாவிட்டாலும் வேறு யாராவது சொல்வார்கள். 1979-இல் ராபின் வுட் என்ற விமர்சகர், ஒரு சமூகம் தனக்குள் அமுக்கி வைப்பதுதான் திரையில் பிசாசாகத் திரும்பி வருகிறது என்று விரிவாக எழுதினார். 1987-இல் கேரல் கிளோவர் என்ற பேராசிரியை, கத்தியோடு துரத்தும் இளவட்டப் படங்களில் கடைசியில் பிழைப்பது எப்போதும் ஒரு பெண்ணாக இருப்பதைக் கவனித்தார். பெண்களை வெட்டுவதைப் பார்க்கவே வரும் பையன்கள் முடிவில் அந்தப் பெண்ணாகவே மாறிப் பயப்படுகிறார்கள் என்பது அவர் கண்டது. கிளோவரின் துறை இடைக்கால ஸ்காண்டிநேவிய இலக்கியம். அங்கிருந்து ஒருவர் எழுந்து வந்து நம் படத்துக்கு உரை எழுதுவார் என்று எந்தத் தயாரிப்பாளர் எதிர்பார்த்திருப்பார்?

இப்போது நிலைமை தலைகீழ். உரையை முதலில் எழுதிவிட்டுப் படம் எடுக்கிறார்கள். பேய் என்றால் துக்கம், அலமாரிக்குள் இருப்பது அம்மாவின் மனச்சோர்வு என்று இடைவேளைக்கு முன்பே புரிந்துவிடுகிறது. புரிந்த பேயிடம் எனக்குப் பயம் வருவதில்லை, அனுதாபம்தான் வருகிறது. ரொமேரோவும் பிறகு தெரிந்தே கருத்து வைத்தவர்தான். 1978-இல் 'டான் ஆஃப் தி டெட்'டில் பிணங்களை ஷாப்பிங் மாலுக்குள் விட்டார். பிட்ஸ்பர்க் அருகே மன்றோவில் என்ற ஊரின் உண்மையான மாலில், கடை அடைத்த பிறகு இரவுகளில் எடுத்தது. ஆனால் அதில் பிணங்கள் எஸ்கலேட்டரில் இடறி விழுகின்றன. சிரித்து முடிப்பதற்குள் கருத்து உள்ளே போய்விடுகிறது. சிரிக்க வைக்கத் தெரியாதவர்கள் இந்த வழிக்கு வர வேண்டாம்.

நடிகர்களை வதைக்கலாமா?

இந்தத் தொழிலின் புராணங்களில் பாதி இதுதான். 'எக்சார்சிஸ்ட்' (1973) படத்தில் மூச்சுக்காற்று புகையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் படுக்கையறை செட்டையே குளிர்பதன அறையாக்கினார் இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின். படக்குழு கம்பளி போட்டுக்கொண்டது. சிறுமி லிண்டா பிளேர் மெல்லிய இரவு உடையில் படுத்திருந்தாள். நடிகர்கள் திடுக்கிடத் துப்பாக்கியை வெடித்தார். படத்தில் பாதிரியாராக நடித்த நிஜப் பாதிரியாரைக் கன்னத்தில் அறைந்துவிட்டு, கை நடுக்கம் அடங்குவதற்குள் காட்சியை எடுத்தார். எலன் பர்ஸ்டினைக் கயிறு கட்டி இழுத்ததில் அவர் முதுகில் பட்ட அடி நிஜம், திரையில் கேட்கும் அலறலும் நிஜம். பிசாசுக்குக் குரல் கொடுத்த மெர்சிடஸ் மெக்கேம்பிரிட்ஜ் பச்சை முட்டையை விழுங்கி, சிகரெட்டும் மதுவும் சேர்த்துத் தொண்டையைக் கெடுத்துக்கொண்டார். முதலில் டைட்டிலில் அவர் பெயரே இல்லை, போராடித்தான் வாங்கினார்.

'டெக்ஸாஸ் செயின்சா மாசக்கர்' (1974) இன்னும் மோசம். 1973 கோடையில், டெக்ஸாஸ் வெயிலில், நிஜ எலும்புகளும் அழுகும் இறைச்சியும் நிறைந்த வீட்டுக்குள் இரவு உணவுக் காட்சியைக் கிட்டத்தட்ட 27 மணி நேரம் ஒரே மூச்சில் எடுத்தார்கள். கொலைகாரன் தோல்முகனாக நடித்த கன்னர் ஹான்சனுக்கு ஒரே உடுப்பு. துவைத்தால் சாயம் மாறிவிடும் என்று படம் முடியும்வரை துவைக்கவில்லை. வந்த பணமும் நடித்தவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை.

இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிச் சிரிப்பது இந்தத் துறையில் வழக்கம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயம் என்னவென்றால், இது தேவையே இல்லை. அந்த டெக்ஸாஸ் படத்தில் ரத்தம் மிகக் குறைவு. குழந்தைகளும் பார்க்கும்படி தளர்வான சான்றிதழ் கிடைக்கும் என்ற நப்பாசையில் இயக்குநர் டோபி ஹூப்பர் வெட்டுக்காயங்களைக் காட்டாமல் ஒதுக்கினார். காட்டாததை எல்லாம் பார்த்ததாக ஜனங்கள் சத்தியம் செய்கிறார்கள். அந்த வேலையைச் செய்தது எடிட்டிங், ரம்ப இரைச்சல், தொடக்கத்தில் இருட்டில் ஃபிளாஷ் அடிக்கும்போது வரும் அந்த நாராசமான கிறீச்சல். ஹான்சனின் துவைக்காத சட்டை திரையில் நாறவில்லை. ஆகவே இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள். கிராஃபிக்ஸில் மூச்சுப் புகை போட இன்று நாலு பையன்கள் போதும். அவர்களுக்காவது சம்பளத்தை ஒழுங்காகக் கொடுங்கள்.

எதிரிகளைச் சம்பாதியுங்கள்

'எக்சார்சிஸ்ட்' வெளியானது கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குளிரில் தெருவைச் சுற்றி வரிசை. உள்ளே போனவர்களில் சிலர் மயங்கினார்கள், சிலர் வாந்தி எடுத்தார்கள். அதைப் படித்துவிட்டு இன்னும் நாலு பேர் வரிசையில் வந்து நின்றார்கள். இத்தனைக்கும் கதாசிரியர் வில்லியம் பீட்டர் பிளாட்டி ஆழ்ந்த கத்தோலிக்க விசுவாசி. பிசாசு உண்டு என்றால் கடவுளும் உண்டு என்று நிரூபிக்கத்தான் அவர் அந்த நாவலையே எழுதினார். பக்திப் படம் எடுத்துச் சாத்தானின் ஏஜென்ட் என்று பெயர் வாங்குவது எல்லோருக்கும் வாய்க்காது. பத்து ஆஸ்கார் பரிந்துரைகள் வேறு; சிறந்த படத்துக்கான போட்டிக்குள் நுழைந்த முதல் திகில் படம் அதுதான்.

எதிரிகளில் உயர்ந்த ரகம் பிரிட்டனில் கிடைக்கும். 1980-களின் தொடக்கத்தில் வீடியோ கேசட்டில் வந்த திகில் படங்களால் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று பத்திரிகைகள் கூச்சலிட்டு, 1984-இல் சட்டமே வந்தது. அரசு வழக்குத் துறை வழக்குக்கு உரியவை என்று போட்ட பட்டியல்களில் இடம்பெற்றவை மொத்தம் 72 படங்கள். நாட்டிலுள்ள பையன்கள் அதைப் பத்திரப்படுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தார்கள். யாருக்கும் நினைவிருக்க வேண்டிய அவசியமில்லாத பல மட்டமான படங்கள் இன்றுவரை உயிரோடிருப்பது அந்த அதிகாரிகளின் உபயம். கடைகளைச் சோதனை போட்ட போலீஸ்காரர்கள், தலைப்பைப் பார்த்து மிரண்டு, டாலி பார்ட்டன் ஆடிப்பாடும் இசைப்படம் ஒன்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். டெக்ஸாஸ் படத்துக்கும், எக்சார்சிஸ்ட் வீடியோவுக்கும் பிரிட்டனில் சான்றிதழ் கிடைக்க 1999 ஆயிற்று. அதற்குள் தடை செய்யக் கோரியவர்களின் பேரப்பிள்ளைகள் தலைமுறை வந்துவிட்டது.

முகமூடியும் மெட்டும்

ஜான் கார்ப்பென்டரிடம் 'ஹாலோவீன்' (1978) எடுக்க இருந்தது சுமார் 3 லட்சம் டாலர், மூன்று வாரம். கொலைகாரனுக்கு முகமூடி வேண்டும். ஒருவர் கடைக்குப் போய் 'ஸ்டார் ட்ரெக்' கேப்டன் கிர்க்கின் முகமூடியை இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கி வந்தார். புருவத்தைப் பிய்த்து, வெள்ளைச் சாயம் அடித்து, கண் ஓட்டையைப் பெரிதாக்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் பயங்கர முகங்களில் ஒன்று தயார். கதை நடப்பது இல்லினாயில், இலையுதிர் காலத்தில். எடுத்தது கலிஃபோர்னியாவில், வசந்தத்தில். காகித இலைகளுக்குச் சாயம் பூசித் தெருவில் இறைத்து, காட்சி முடிந்ததும் பெருக்கி மூட்டை கட்டி, அடுத்த தெருவில் மறுபடி இறைத்தார்கள். நாயகி ஜேமி லீ கர்டிஸ், குளியலறையில் செத்த ஜேனட் லீயின் மகள். வாரிசு அரசியலைக் குறை சொல்பவர்கள் இந்தத் தொழிலில் இதை விதிவிலக்காகக் கொள்ளலாம்.

இசை சேர்க்காத பிரதியை ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டியபோது அவருக்குப் பயமே வரவில்லை. கார்ப்பென்டர் தானே பியானோ முன் உட்கார்ந்தார். சிறுவயதில் அப்பா சொல்லிக்கொடுத்த ஐந்தெண்ணத் தாளத்தில் ஒரு மெட்டு. நமக்குக் கண்ட நடை பழக்கம், அமெரிக்கர்களுக்குக் கால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதே படம் இப்போது பயமுறுத்தியது.

எக்சார்சிஸ்டின் இசைக் கதை இதைவிட விசித்திரம். இசையமைப்பாளர் லாலோ ஷிஃப்ரின் போட்டுக்கொடுத்த ஒலிநாடாவை ஃப்ரீட்கின் கார் நிறுத்துமிடத்தில் விட்டெறிந்தார். பதிலுக்கு மைக் ஓல்ட்ஃபீல்ட் என்ற பத்தொன்பது வயதுப் பையனின் இசைத்தட்டிலிருந்து சில நிமிடங்களை எடுத்துக்கொண்டார். அந்தத் தட்டு, ரிச்சர்ட் பிரான்சனும் நண்பர்களும் தொடங்கிய வெர்ஜின் என்ற சின்னக் கம்பெனியின் முதல் வெளியீடு. படத்தோடு சேர்ந்து தட்டு உலகமெங்கும் விற்றது, கம்பெனி வளர்ந்தது, 1984-இல் அதே பெயரில் விமானமே பறந்தது. பேய் ஓட்டும் படத்தின் பலன்கள் எங்கெல்லாம் போய் இறங்கும் என்று சொல்ல முடியாது.

விளம்பரம் முதலில், கதை பிறகு

'ஹாலோவீன்' வசூலைப் பார்த்த ஷான் கனிங்ஹாம் என்ற தயாரிப்பாளர், 1979 ஜூலையில் 'வெரைட்டி' பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்: 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்'. பெயர் இருந்தது; படமாக்க ஒன்றும் இருக்கவில்லை. மற்றதெல்லாம் தொலைபேசி அடிக்க ஆரம்பித்த பிறகு ஏற்பாடு செய்யப்பட்டது. அந்த அவசரம் படத்தில் தெரிகிறது, ஆனால் பெட்டியில் பணமும் தெரிந்தது. இன்று எல்லோரும் அறிந்த ஹாக்கி முகமூடி ஜேசன், முதல் படத்தில் கொலைகாரனே அல்ல, அம்மாதான். முகமூடி மூன்றாம் பாகத்தில்தான் வந்தது. ஆகவே உங்கள் பேயின் உருவம் முதல் படத்திலேயே அமையவில்லை என்று வருந்த வேண்டாம்.

இதன் உச்சம் 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' (1999). மேரிலாந்து காட்டுக்குள் மூன்று நடிகர்களிடம் கேமராவைக் கொடுத்து எட்டு நாள் அலையவிட்டார்கள். அடுத்து எங்கே போக வேண்டும் என்பது டப்பாவில் சீட்டாகக் கிடைக்கும். சாப்பாடு நாளுக்கு நாள் குறையும். படத்தில் அவர்களுடைய சொந்தப் பெயரையே வைத்து, காணவில்லை என்று போஸ்டர் அடித்து ஒட்டி, அவர்களைப் பேட்டி கொடுக்காமல் ஒளிந்திருக்கச் சொன்னார்கள். நாயகியின் அம்மாவுக்கு அனுதாபக் கடிதங்கள் வந்தன. உலக வசூல் 24 கோடி டாலருக்கு மேல். 2024-இல் அந்த மூவரும், தங்களுக்கு இனியாவது நியாயமான பங்கு கொடுங்கள் என்று பகிரங்கமாகக் கேட்டார்கள். காணாமல் போனவர்களுக்குச் செக் அனுப்ப முகவரி தெரியவில்லை போலும்.

அதே கோடையில்தான் மாஹியில் பிறந்து பிலடெல்ஃபியாவில் வளர்ந்த மனோஜ் நைட் ஷியாமளனின் 'தி சிக்ஸ்த் சென்ஸ்' வந்தது. கடைசி ஐந்து நிமிடத்தில் படத்தைப் புரட்டிப் போட்டுப் பெரும் புகழ் பெற்றார். அதன் பிறகு அவர் எதை எடுத்தாலும் ஜனங்கள் அந்தக் கடைசி ஐந்து நிமிடத்துக்காகவே காத்திருந்தார்கள். ஆகையால் முடிவில் திருப்பம் வைக்கும்முன் ஆயுள் முழுக்க வைக்க முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

செய்தித்தாள் படியுங்கள்

பேய்க் கதைகளைப் படிக்க வேண்டாம்; உள்பக்கச் சின்னச் செய்திகளைப் படியுங்கள். லாவோஸ், கம்போடியா பக்கமிருந்து போருக்குத் தப்பி அமெரிக்கா வந்த அகதிகளில், ஆரோக்கியமான இளைஞர்கள் சிலர் தூக்கத்திலேயே இறந்துபோனார்கள். தூங்கினால் செத்துவிடுவேன் என்று பயந்து விழித்திருந்த ஒரு பையனைப் பற்றி 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' இதழில் படித்த இயக்குநர் வெஸ் கிரேவன், அதிலிருந்து 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' (1984) கதையைப் பிடித்தார். தயாரித்த நியூ லைன் அப்போது தள்ளாடிக்கொண்டிருந்த கம்பெனி. பிழைத்துக்கொண்டு, பிற்பாடு 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எடுக்கும் அளவுக்கு வளர்ந்தது. அகதிப் பையன்கள் வெள்ளைக்காரப் பிள்ளைகளாகிவிட்டார்கள். போர், முகாம், கடல் கடந்த பயணம் ஒன்றும் திரைக்கு வரவில்லை. படம் எனக்குப் பிடிக்கும். இருந்தாலும் இந்தக் கணக்கு நேரானதல்ல.

முடிவை மாற்றிவைத்துக்கொள்ளுங்கள்

ஜோர்டன் பீல் 'கெட் அவுட்' (2017) எழுதியபோது, கறுப்பின நாயகன் வெள்ளைக்காரக் குடும்பத்திடமிருந்து தப்பி, கடைசியில் போலீசில் சிக்கிச் சிறைக்குப் போவதாக முடித்து, அப்படியே எடுத்தும் வைத்திருந்தார். வெளியாகும் நேரத்தில் நாட்டின் நிலைமையே அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. பார்ப்பவர்களுக்கு ஒரு தப்பிப்பு வேண்டும் என்று முடிவை மாற்றினார். நாயகன் சாலையில் ரத்தத்தோடு நிற்கிறான்; சிவப்பு நீல விளக்கோடு ஒரு கார் வருகிறது. அந்தச் சில நொடிகளில் தியேட்டரே உறைந்தது. கதவைத் திறந்துகொண்டு இறங்குவது நண்பன். உறைய வைத்தது பீலின் வசனமோ இசையோ இல்லை. அந்த விளக்கைப் பார்த்தால் என்ன நடக்கும் என்பது அமெரிக்கப் பார்வையாளர்கள் ஒவ்வொருவருக்கும் ஏற்கெனவே தெரியும். 45 லட்சம் டாலரில் எடுத்த படம். 25 கோடிக்கு மேல் வந்தது. திரைக்கதைக்கு ஆஸ்காரும் வந்தது.

கடைசியாக ஒரு குமாஸ்தா வேலை

டைட்டில் அட்டையைச் சரிபாருங்கள். ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'டுக்கு முதலில் வேறு பெயர். விநியோகஸ்தர் பெயரை மாற்றிப் புது அட்டை போட்டபோது, பழைய அட்டையிலிருந்த காப்புரிமை வரி விட்டுப்போயிற்று. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லாவிட்டால் படம் பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், டி.வி.யில் போடலாம், கேசட் விற்கலாம். போட்டார்கள், விற்றார்கள், படம் எடுத்தவர்களுக்கு வர வேண்டிய பணம் காற்றில் போயிற்று. அந்தப் பிணங்கள் மட்டும் பெருகிக்கொண்டே போயின. 2011-இல் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே, நடமாடும் பிணங்கள் படையெடுத்தால் வீட்டில் என்னென்ன சாமான் வைத்திருக்க வேண்டும் என்று அறிவுரை வெளியிட்டது. புயல் வெள்ளத்துக்குத் தயாராகுங்கள் என்றால் படிக்காத ஜனம், இதைப் படிக்க முண்டியடித்ததில் கணினியே படுத்துவிட்டது.

வரியைக் கவனமாகப் போட்டவர்கள் நிலைமையையும் பாருங்கள். ஜேசன் யாருக்குச் சொந்தம் என்று கதாசிரியருக்கும் கனிங்ஹாம் தரப்புக்கும் வழக்கு. அமெரிக்காவில் முதல் படத்தின் திரைக்கதை உரிமை எழுதியவருக்கே என்று 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. ஆனால் வளர்ந்த ஜேசனும் ஹாக்கி முகமூடியும் பின்னால் வந்த படங்களில்தானே இருக்கின்றன என்று அது இழுபட்டது. 2009-க்குப் பிறகு பல வருடங்களுக்கு அவன் திரைக்கு வரவே முடியவில்லை. எத்தனையோ முறை வெட்டியும் எரித்தும் சாகாதவனை வக்கீல்கள் நிறுத்திவைத்துவிட்டார்கள்.

ஆக, வரியைப் போடுவதா விடுவதா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் எனக்குத் தெரிந்த நிச்சயமான லாபம் ஒன்றுதான்: உங்கள் படத்தில் யாராவது வீட்டில் உட்கார்ந்து டி.வி.யில் பழைய படம் பார்க்கும் காட்சி இருந்தால், ரொமேரோவின் படத்தையே ஓடவிடலாம். 1981-இல் 'ஹாலோவீன்' இரண்டாம் பாகத்திலேயே ஓடவிட்டிருக்கிறார்கள். பணம் கேட்டு யாரும் வர மாட்டார்கள்.